உன் இரத்தத்தில் இருந்தது

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையால் எனக்குச் சடை பின்னிவிட்ட மகேசக்காவுக்கு,

உன் புருஷன் கதிரேசனுக்கு ஆயுள் தண்டனை விழுந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் என்ன கதை சொன்னாலும் "கடைசில என்னடி ஆச்சு, அதச் சொல்லு" என்று அவசரப்படுகிறவள் நீ. உனக்கு நடுக்கதை கேட்கப் பொறுமை கிடையாது. இந்த ஒரு தடவை நடுக்கதையையும் கேள்.

நீ அந்த வீட்டுக் கூடத்தில் விழுந்த பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி என்ன சொன்னார்கள், உன் உடம்பை என்ன செய்தார்கள், உன் ரத்தத்தை எத்தனை பேர் எத்தனை விதமாகப் படித்தார்கள் என்று எதுவும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இதைப் படிக்க வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அன்றைக்குக் காலையில் கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு உன் ஜீப்புக்காக நின்றிருக்கிறார்கள். குமுளி மலை ஏறுகிற அத்தனை ஜீப்பிலும் பெண் ஓட்டுகிற வண்டி உன்னுடையது ஒன்றுதான். நீ ஒருநாளும் அவர்களைக் காக்க வைத்ததில்லையாம். போன் எடுக்கவில்லை என்றதும் ரகமத்தம்மா நடந்தே உன் வீட்டுக்கு வந்துவிட்டார். உன் வண்டியில் எப்போதும் முன் சீட்டில் உட்காருகிறவர்.

கதவு திறந்து கிடந்தது. நீ மல்லாந்து கிடந்தாய். கதிரேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "மருந்தக் குடிச்சிட்டா, மருந்தக் குடிச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். திராட்சைக்கும் ஏலத்துக்கும் அடிக்கிற மருந்து. டப்பா உன் தலைமாட்டில் உருண்டு கிடந்தது. உன் வாயில், தாடையில், ஜாக்கெட்டில் எல்லாம் அந்த வாடை.

உன் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. போலீஸ்காரர் விரல்களைப் பிரித்தபோது உள்ளே ஜீப் சாவி. அதன் பற்கள் உள்ளங்கையில் இறங்கி ரத்தம் கட்டிப்போயிருந்தது.

அந்தச் சாவிக்காகத்தானே எல்லாம். பெண்டாட்டி ஜீப் ஓட்டி அடுப்பெரிகிறது என்று டீக்கடையில் எவனோ சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. முதலில் சீட்டைக் கிழித்தான். பிறகு உன்னைக் கிழித்தான். அவன் உன் முன்பல்லை உடைத்த மறுநாளும் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு நீ மலை ஏறியதை அந்தப் பெண்கள் கோர்ட்டில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். துணி நனைய நனைய மாற்றிக் கொடுத்தது ரகமத்தம்மாவாம். வண்டியை விற்றுவிட்டு வீட்டில் கிட என்று அவன் சாவியைக் கேட்டான். நீ கொடுக்கவில்லை. செத்த பிறகும் கொடுக்கவில்லை.

பிணவறையில் அம்மா உன் மேல் கிடந்த துணியைத் தானே விலக்கிப் பார்த்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் தடம் கருநீலமாகப் பதிந்திருந்தது. அம்மா அழவில்லை. என்னைத் தாண்டி வெளியே போனாள். வேப்பமரத்தடியில் அவன் தன் ஆட்களோடு நின்றிருந்தான். கீழே கிடந்த செங்கல்லை எடுத்து அவன் நெற்றியில் அடித்தாள். போலீஸ் வந்து பிடிப்பதற்குள் இரண்டாவது அடியும் விழுந்துவிட்டது. அவன் முகத்தில் ரத்தம் வழிவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

பிரேதப் பரிசோதனையில் உன் தொண்டைக்குள் இருக்கிற சின்ன எலும்பு உடைந்திருந்தது என்று டாக்டர் எழுதினார். நெரித்துக் கொன்றால் உடைகிற எலும்பு அது. ஆனால் கதிரேசனிடம் அதற்கும் பதில் இருந்தது. அவள் மருந்து குடித்ததைப் பார்த்தேன், கக்க வைக்கத்தான் தொண்டையைப் பிடித்தேன், பதற்றத்தில் இறுக்கிவிட்டேன் என்றான். கேட்கிறவர்களுக்கு அவன் உன்னைக் காப்பாற்றப் போனவன் மாதிரியே இருந்தது.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. நீ குடித்தாயா, இல்லையா?

உயிரோடு இருக்கிறவள் விஷம் குடித்தால் நெஞ்சு அடிக்கிற வரைக்கும் ரத்தம் அதைச் சுமந்துகொண்டு உடம்பெல்லாம் போகும். ஈரலுக்குப் போகும், தொடைக்குப் போகும். செத்த பிறகு வாயில் ஊற்றினால் அது ஊற்றின இடத்திலேயேதான் கிடக்கும். அதனால்தான் தொடையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். முதல் ரிப்போர்ட் வந்தது. வாயிலும் உணவுக்குழாயிலும் மருந்து இருக்கிறது. தொடை ரத்தத்திலும் ஈரலிலும் கண்டறியப்படவில்லை.

வழக்கு முடிந்தது என்று அம்மா நினைத்தாள். அவன் வக்கீல் அந்த வரியையே கையில் பிடித்துக்கொண்டு ஜாமீன் கேட்டார். "கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அவர் குடித்துச் சில நிமிடத்தில் இறந்திருந்தால் கொஞ்சமே ரத்தத்தில் சேர்ந்திருக்கும்."

அக்கா, அந்த ஆள் சொன்னது சரி. அதுதான் என்னை அறுத்தது. போடியில் ஏலக்காயில் மருந்து மிச்சம் பார்க்கிற லேபில் வேலை செய்கிறவள் நான். தினமும் நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வார்த்தை அது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? ஜாமீன் கிடைத்துவிட்டது.

வெளியே வந்தவன் நேராகச் சின்னமனூருக்கு, நம் வீட்டுக்கு வந்தான். மத்தியான நேரம். கூட இரண்டு பேர். எம்புள்ளைய எடுத்துட்டுப் போக வந்திருக்கேன் என்றான். உன் மகள் தாரணி அடுப்படியில் சோறு தின்றுகொண்டிருந்தாள். வாசலை மறித்த அம்மாவை அவன் வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டு விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே அவன் கெண்டைக்காலைக் கவ்விக் கடித்தாள். நான் கதவைச் சாத்தப் போனேன். என் இடது கை கதவு நிலைச்சட்டத்தில் இருக்கும்போதே அவன் கதவை அறைந்து சாத்தினான். என் விரல்கள் நொறுங்கிய சத்தத்தை என் காதாலேயே கேட்டேன்.

வலது கை இருந்ததே. அம்மிக் குழவியை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். அவன் விழுந்தான். மறுபடி எடுத்தேன், அதே காலில் மறுபடி போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்கு இனித்தது. இதை ஊர் படிக்கிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மூன்றாவது தடவை தலைக்கு ஓங்கினேன். தாரணி வாயில் சோற்றோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழவி என் கையிலிருந்து தானாக நழுவியது.

தெருக்காரர்கள் அந்த இரண்டு பேரையும் மின்கம்பத்தில் கட்டிவைத்துப் போலீஸுக்குச் சொன்னார்கள். ஜாமீன் ரத்தாயிற்று. வழக்கு முடிகிற வரைக்கும் அவன் கோர்ட்டுக்கு நொண்டிக்கொண்டேதான் வந்தான். எனக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது.

விசாரணையில் முதல் ரிப்போர்ட் எழுதிய அதிகாரி கூண்டில் ஏறினார். நேர்மையான மனிதர். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் எங்கள் கருவிக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். அப்போது அரசுத் தரப்புப் பெண் வக்கீல், ஆய்வகத்தில் எடுத்துவைத்திருக்கும் மிச்ச ரத்தத்தை இன்னும் நுட்பமாகப் பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். முடியும் என்றேன். ஆனால் உன் ரத்தத்தை நான் தொடக் கூடாது. உன் தங்கச்சி தொட்டாள் என்பதே அவன் வக்கீலுக்குப் போதும். வழியை மட்டும் நான் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன், வேறொரு அரசு ஆய்வகம் தன் கையால் செய்து பார்க்கட்டும் என்று முடிவாயிற்று.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். "ஏலக்காய மோந்து பாக்குற மிசினு" என்று சிரிப்பாய். கிட்டத்தட்ட அதுதான். சாற்றை ஊசியால் குத்திச் சூட்டில் ஆவியாக்கி, முடியளவு குழாய் ஒன்றுக்குள் வாயுவோடு அனுப்புவோம். உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுமுனைக்கு வந்து சேரும். அங்கே அதைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர். எங்களுடையதில் கடுகளவு மணி ஒன்று சூடேறிச் சிவந்து கிடக்கும். உனக்கு ஊற்றினதைப் போல பாஸ்பரஸ் இருக்கிற மருந்து வந்து தொட்டால் மின்சாரம் துளி கூடும். திரையில் ஓடுகிற கோடு அந்த இடத்தில் மேடாக எழும்பும். நாங்கள் பீக் என்போம். கோடு சும்மா இருக்கும்போதே நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த நடுக்கத்தைவிடச் சின்ன பீக் அதற்குள் முங்கிவிடும். அதைத்தான் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுகிறோம்.

நடுக்கத்தைக் குறைக்க வேண்டும். பீக்கை உயர்த்த வேண்டும். வேறு வழி இல்லை.

லேப் முதலாளி யாசின் பாய் உத்தமபாளையத்துக்காரர். நான் கேட்டதும், "ஞாயித்துக்கெழம மிசின் சும்மாதான கெடக்கு. அங்கன உக்காந்து என்ன வேணாலும் பண்ணும்மா, கேஸு சிலிண்டர் என் பொறுப்பு" என்றார். கம்பத்துக் கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் வாங்கி வந்தேன். தெரிந்த அளவு மருந்தை அதில் விட்டேன். உனக்கு ஊற்றின அதே மருந்து. பிறகு பாதியாக, அதில் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனேன். கருவி எந்த இடத்தில் குருடாகிறது என்று பார்த்தேன்.

முதலில் வாயு. அதில் ஈரமும் காற்றும் கலந்தால் மணி நடுங்கும். வடிகட்டிகளை மாற்றினேன், ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு தேடி அடைத்தேன். ஊசி குத்தும் ரப்பர் வில்லையின் துகள்களைத் துடைத்தேன். குழாயின் அழுக்கேறிய நுனியை வெட்டி எறிந்து, இரண்டு நாள் சூட்டில் வாட்டி எடுத்தேன். புது மணி போட்டு ஹைட்ரஜனை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். கூடினால் மணி வெந்துவிடும், குறைந்தால் தூங்கிவிடும். ரத்தத்தின் கொழுப்பை நீக்கி, மிஞ்சின சாற்றை நைட்ரஜனால் மெல்ல ஊதி ஊதி ஒரு துளிக்குச் சுருக்கினேன். ஒவ்வொரு குப்பி மூடியையும் மடங்கின விரலில் இடுக்கித் திருகும்போது அவன் கழுத்தைத் திருகுவதாகவே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு இல்லாமல் அத்தனை மாதம் அந்த வேலையை நான் செய்திருக்க மாட்டேன்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். மருந்தே சேர்க்காத வெறும் ஆட்டு ரத்தத்திலும் சின்னதாக ஒரு பீக் வந்தது. குப்பியில் அழுக்கு என்று நினைத்து எல்லாவற்றையும் எரிகிற சூட்டில் சுட்டுக் கழுவினேன். பிறகு என் சேலையைச் சந்தேகப்பட்டேன், தலைமுடியைச் சந்தேகப்பட்டேன். போகவில்லை. கடைசியில் மயிலாடும்பாறைப் பக்கம் கரட்டு மேட்டில் மேய்கிற ஆட்டின் ரத்தம் வாங்கி வந்து போட்டேன். கோடு சுத்தமாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் கறிக்கடை ஆட்டை மறந்தே போனேன்.

அரசு ஆய்வகத்தின் விஞ்ஞானி மேடம் யார் சொல்லையும் நம்பாதவர். நான் எழுதிக் கொடுத்த முறையில் இரண்டு இடத்தைத் தப்பென்று அடித்துத் திருத்தினார். தன் கருவியில், தன் கையால், முதலிலிருந்து செய்தார். உறைபெட்டியில் இவ்வளவு காலம் இருந்ததில் மருந்து அழிந்துபோயிருக்கலாமே என்று அவன் வக்கீல் கேட்பார் என்று அவருக்கு முன்பே தெரியும். அதனால் மருந்து கலந்த ரத்தத்தையும் அதே குளிரில் மாதக்கணக்கில் வைத்து, அழியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பழைய எல்லைக்குப் பல மடங்கு கீழே அவர் கருவிக்குக் கண் தெரிந்தது. அதன் பிறகுதான் உன் ரத்தத்தைத் திறந்தார். என்ன வந்தது என்று என்னிடம் மூச்சு விடவில்லை.

கோர்ட்டில்தான் கேட்டேன். தொடை ரத்தத்தில் அந்த மருந்து இருக்கிறதா என்று அவன் வக்கீல் கேட்டார்.

"இருக்கிறது" என்றார் மேடம். "மிகச் சிறிய அளவில்."

வக்கீல் வேறெதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். கதிரேசன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "நல்லாத்தான இருந்துச்சு. இல்லைன்னுதான எழுதியிருந்தாக. தோண்டித் தோண்டி நீதான்டி எடுத்துக் குடுத்த" என்றாள். ரகமத்தம்மா அவளைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் உதட்டு ரத்தத்தைத் துப்பினேன். நீ குடிக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது. அப்படியானால் அது எப்படி வந்தது?

துப்பின ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தக் கறிக்கடை ஆடு ஞாபகம் வந்தது. அந்த ஆடு எங்கே மேய்ந்தது? கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்கு அடியில், மருந்து சொட்டுகிற புல்லில். குப்பியில் அழுக்கே இல்லை. ஆட்டின் ரத்தத்திலேயே மருந்து இருந்திருக்கிறது. நீயும் மருந்து அடிக்கிற ஏலத்தோட்டத்துக்குள் தினமும் போய் வந்தவள்தானே.

மறுநாள் எங்கள் தெரு நர்ஸை வைத்து என் ரத்தம் எடுத்தேன். அம்மா முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். "எம்புட்டு வேணுமோ எடு" என்றாள். திராட்சைத் தோட்டத்தில் குலை கத்தரிக்கப் போகிற கை. ஏலக்காய்ச் சோதனையை நிறுத்திவிட்டு யாசின் பாய் கருவியை எனக்கு விட்டார். என் ரத்தத்தில் சின்னதாக ஒரு பீக். அம்மாவின் ரத்தத்தில், உன்னுடையதை விடப் பெரிதாக.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நானும் மருந்தக் குடிச்சிருக்கேனா?" என்றாள்.

என் லேபில் பார்த்தது கோர்ட்டில் செல்லாது. ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அந்த அரசுத் தரப்பு வக்கீல் மனுப் போட்டார். திராட்சையிலும் ஏலத்திலும் வேலை செய்கிற பெண்களின் ரத்தத்தை எடுத்து மேடமே ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று நீதிபதி சொன்னார். யார் வருவார்கள் என்று நான் பயந்தேன். உன் ஜீப்பில் போன பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அதற்கு முந்தின நாள் கதிரேசனின் ஆட்கள் ரகமத்தம்மாவின் வீட்டு ஓடுகளைக் கல்லால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். ஒரு கல் அவர் தலையிலேயே விழுந்தது. தலையில் கட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாமே என்று நர்ஸ் கேட்டதற்கு, "நேத்துக் கொஞ்சம் தரையில போச்சு. மிச்சம் இருக்கதத் தாராளமா எடுத்துக்க ஆத்தா" என்றார்.

மேடம் மறுபடி கூண்டேறிய நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. எல்லாப் பெண்களின் ரத்தத்திலும் அந்த மருந்து இருக்கிறது என்றார். மருந்தே தொடாத தூரத்து ஊர்க்காரர்களின் ரத்தத்தில் இல்லை என்றார். அவன் வக்கீல் எழுந்தார். அப்படியென்றால் இறந்தவர் ரத்தத்தில் இருந்தது அன்று காலை குடித்ததால் வரவில்லை என்று உங்களால் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார்.

மேடம் அவரைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துப் பேசினார். "வழக்கம்போல் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வருகிற பெண்ணின் ரத்தத்தில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இவரிடம் இருந்தது. இதோ பின்னால் நிற்கிறவர்களில் பலருக்கு இதைவிட அதிகம். வாய் நிறைய மருந்து இருக்கிறது, ரத்தத்தில் அன்றைக்கென்று எதுவும் கூடவில்லை. மருந்து வாய்க்குள் போனபோது ரத்தம் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் என் கருத்து."

அதாவது நீ செத்துக் கிடக்கும்போது உன் வாயைத் திறந்து ஊற்றியிருக்கிறான் அக்கா. சாவியைப் பிடுங்க முடியாத ஆத்திரத்தில் கழுத்தை நெரித்திருக்கிறான். நீ அடங்கின பிறகு தோட்டத்து மருந்தை எடுத்து வந்து தாடையைப் பிளந்து ஊற்றியிருக்கிறான். சாகும்போது அந்தக் கசப்பாவது உன் நாக்கில் படவில்லை. அம்மா இப்போது இதை ஒரு ஆறுதல் மாதிரி எல்லாரிடமும் சொல்கிறாள். எனக்கு அது ஆறுதலா என்று தெரியவில்லை.

தீர்ப்புச் சொன்னதும் அவன் நொண்டிக் காலோடு கம்பியைத் தாண்டி என் மேல் பாய்ந்தான். உன்னயும் அதே மாதிரி முடிப்பேன் என்று கத்தினான். நான்கு போலீஸ்காரர்கள் அவனைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். அவன் முகம் சிமெண்டில் உரசி ரத்தம் வந்தது. ஒரு காலத்தில் அதைப் பார்க்கத்தான் உயிரோடு இருந்தேன். பார்த்துவிட்டேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அப்பீல் போட்டிருக்கிறான். அங்கேயும் போய் நிற்பேன்.

வெளியே அந்தப் பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு கேள்வி இருந்தது. இது உடம்பை விட்டுப் போகுமா, போகாதா என்று கேட்டார்கள். வேலைக்குப் போகாமல் இருந்தால் கொஞ்ச நாளில் போய்விடும், மறுபடி போனால் மறுபடி ஏறும் என்றேன். ரகமத்தம்மா சிரித்தார், கூட நின்றவர்களும் சிரித்தார்கள். கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மாசமாக இருக்கிறவள். எல்லாரையும்விட அவளுக்குத்தான் பெரிய பீக். அவள் பெயரைக் கோர்ட்டிலும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

உன் வழக்கில் அந்த ரத்தமெல்லாம் உனக்குச் சாட்சி சொன்னது. சாட்சி சொல்லி முடித்ததும் கோர்ட்டு அவர்களை அனுப்பிவிட்டது. அவர்கள் ரத்தத்தில் அது ஏன் இருக்கிறது என்பது இந்த வழக்கின் கேள்வி இல்லையாம். ஒரு கொலைகாரனைக் காட்டிக் கொடுக்க இத்தனை பேர் விஷத்தைச் சுமந்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் மேல் ஊற்றினது யார்? எந்தக் கூண்டில் நிறுத்துவது? அம்மா நேற்றும் குலை கத்தரிக்கப் போனாள். போகாதே என்றேன். நான் போகாட்டா வேறொருத்தி போவா என்றாள்.

உன் ஜீப்பைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. ரகமத்தம்மாவின் மருமகள் ஓட்டப் பழகுகிறாள். மலையில் இரண்டாவது கியரிலேயே இழுக்கிறாளாம், பெண்கள் முனகுகிறார்கள். நீ இருந்தால் அவள் கையில் ஒரு அடி போட்டிருப்பாய்.

தாரணி வளர்ந்துவிட்டாள். உன் மூக்கு, உன் கோபம். போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணை அடித்து மூக்கை உடைத்துவிட்டு வந்தாள். மருந்து குடித்துச் செத்தவளின் மகள் என்று அந்தப் பெண் சொன்னாளாம். நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் என் மடங்கின விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சித்தி, எங்கம்மா மருந்து குடிச்சாகளா?"

"இல்லத்தா. குடிக்கல. கோர்ட்டே சொல்லிருச்சு."

விரலை விடாமல் மறுபடி கேட்டாள். "அப்ப ரத்தத்துல ஏன் இருந்துச்சு?"

அக்கா, எனக்குப் பதில் தெரியும். அதை இவ்வளவு சின்னப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திராட்சைத் தோட்டத்திலிருந்து அம்மா மடியில் கட்டிக்கொண்டு வருகிற பழத்தைத் தின்று வளர்கிறவள் அவள். பாட்டியின் தோட்டத்துச் சேலையில் முகம் புதைத்துத் தூங்குகிறவள். அவள் ரத்தத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு தடவை ஊசியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அந்தக் கோடு எழும்பிவிட்டால் அதைப் பார்க்காத மாதிரி என்னால் இருக்க முடியாது.

ஆனாலும் பார்ப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாரணியைப் போடிக்குக் கூட்டிப் போகிறேன். யாசின் பாயிடம் சொல்லியாயிற்று. மாசமாக இருக்கிற அந்தப் பெண்ணும், ரகமத்தம்மாவும், உன் ஜீப்புப் பெண்களும் கூட வருகிறார்கள். வந்த பீக்கை வந்தபடி எழுதுவேன். மருந்து விற்கிறவன், அடிக்கச் சொல்கிறவன், கண்டும் காணாத அதிகாரி என்று ஒவ்வொருவர் மேசையிலும் அதைப் போடுவேன். தூக்கி எறிந்தால் மறுபடி போடுவேன். உன் மகள் கேட்டதற்கு அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு வாய் வருகிற வரைக்கும் ஓய மாட்டேன்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் பிறந்து, உன் மகளுக்கு இப்போது அம்மாவுமாக நிற்கிற
உன் தங்கச்சி நாகு
சின்னமனூர்